சத்தத்தைத் திருடியது யார்?

அத்தியாயம் 5

வீடு என்று இருந்தால் என்னென்னவோ திருடு போகும். நகை போகும், டிவி போகும், வாசலில் கழற்றிப் போட்ட செருப்புகூடப் போகும். ஆனால் காரை விட்டுவிட்டு அதன் என்ஜினை மட்டும் தூக்கிக்கொண்டு, போகிற போக்கில் அந்த இடத்தில் வேறொரு என்ஜினையும் பொருத்திவிட்டுப் போன திருடனை ஸ்டெப்னி தன் நாற்பத்திரண்டு வயதில் கேள்விப்பட்டதே இல்லை.

"சார், இவன் திருடன் இல்ல. தர்மப்பிரபு," என்றான்.

பிரேக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பானெட்டுக்குள் தலையை விட்டுக் குனிந்திருந்தார். இருபத்தாறு வருடம் பிரேக் இன்ஸ்பெக்டராக இருந்து, இந்த வண்டி ஓடலாம், இந்த வண்டி ஓடக்கூடாது என்று கையெழுத்துப் போட்டவர். வேலையை உதறிவிட்டுத் துப்பறியும் அலுவலகம் திறந்த அன்றே ஜனங்கள் அவர் பட்டத்தில் பாதியை வெட்டிவிட்டார்கள். மிச்சம் இருந்தது பிரேக். அவருக்கு உதவியாளன் ஸ்டெப்னி. டாக்சி ஸ்டாண்டில் யார் லீவு போட்டாலும் மாற்றாக ஓட்டிக்கொண்டிருந்ததால் வந்த பெயர். பிரேக்கும் ஸ்டெப்னியும் சேர்ந்த வண்டியில் ஸ்டியரிங் எங்கே என்று கேட்காதவர்கள் பாக்கியில்லை.

ஷெட் சின்னது. ஒரு கார், ஒரு மேஜை, சுவர் முழுக்க வரிசையாகத் தொங்கும் ஸ்பேனர்கள். கருநீலத்தில் இரண்டு கதவு வைத்த தாழ்ந்த கார். ஸ்டெப்னி அதைப் பார்த்த உடனே மனத்தைப் பறிகொடுத்துவிட்டான்.

"என்னென்ன போச்சு, இன்னொரு தடவை சொல்லுங்க," என்றார் பிரேக்.

காரின் சொந்தக்காரர் என்று சொல்லிக்கொண்டு வந்தவர் பஸ் டிப்போவில் மெக்கானிக். முப்பது வருட சர்வீஸ். எலக்ட்ரிக் பஸ் பயிற்சி என்று டிப்போவில் மூன்று நாள் வெளியூருக்கு அனுப்பியிருந்தார்கள். திரும்பி வந்து இன்று காலை பானெட்டைத் திறந்தால் உள்ளே வேறு முகம். கையில் ஒரு காகிதம் வைத்திருந்தார்.

"ஆறு சிலிண்டர் என்ஜின். எக்ஸாஸ்ட் பைப். பத்தாம் நம்பர் ஸ்பேனர் ஒண்ணு. துடைக்கிற துணி ஒண்ணு."

"பத்தாம் நம்பர் ஸ்பேனர் தொலையறதுக்குத் திருடன் எதுக்குங்க? அது தானா கால் மொளைச்சுப் போயிடுமே," என்றான் ஸ்டெப்னி.

டிப்போக்காரர் சிரிக்கவில்லை. அவர் முகம் சிரிக்கிற பழக்கத்தை விட்டு வெகுநாள் ஆகியிருந்தது.

"போலீஸ்?"

"அவங்க சிரிச்சாங்க. நாளைக்கு நசுக்கப்போற வண்டிக்கு என்னய்யா திருட்டுன்னு கேட்டாங்க."

அதிலும் நியாயம் இருந்தது. புதுச் சட்டம் அப்படி. லிட்டருக்குப் பன்னிரண்டு கிலோமீட்டர் ஓடாத கார்களுக்கு இன்றோடு ஆயுள் முடிகிறது. மாலை ஐந்து மணிக்குள் சோதனைச் சாலைக்குப் போய்த் தேறவேண்டும். தேறாவிட்டால் நாளைக் காலை லாரி வந்து அள்ளிக்கொண்டு போகும். இந்த ஆறு சிலிண்டரோ லிட்டருக்கு நாலு கொடுத்தாலே பெரிய மனசு. வேகத்துக்குப் பிறந்த வண்டியிடம் சிக்கனம் கேட்டால் அது எங்கே போகும்?

"தேறாதுன்னு தெரியும். சோதனைக்குக் கொண்டு போறதாவே இல்ல," என்றார் டிப்போக்காரர். "என் பையன் கட்டின என்ஜின் சார் அது. காயலான் கடையில துருப்பிடிச்சுக் கிடந்ததைக் கொண்டுவந்து நாலு வருஷம் உக்காந்து உயிர் குடுத்தான். சும்மா நிக்கும்போது அதுல லேசா ஒரு தடுமாற்றம் இருக்கும். நான் சரி பண்றேன்டான்னேன். வேணாம்ப்பா, அது என் கையெழுத்துன்னான்."

"பையன் இப்ப?"

"ரெண்டு வருஷம் ஆச்சு. ரத்தத்துல வியாதி. இருபத்தாறு வயசு." மூச்சை இழுத்துக்கொண்டார். "வாராவாரம் ஞாயித்துக்கிழமை காலையில ஸ்டார்ட் பண்ணுவேன். கொஞ்ச நேரம் கேப்பேன். அவ்வளவுதான் என் வாழ்க்கை. நாளைக்கு எடுத்துட்டுப் போகட்டும். அதுக்குள்ள ஒரே ஒரு தடவை கேக்கணும். கண்டுபிடிச்சுக் குடுங்க சார்."

"கண்டுபிடிச்சுக் குடுத்துடறோங்க," என்றான் ஸ்டெப்னி. தொலைந்த நாய், ஓடிப்போன மாப்பிள்ளை, காணாமல் போன பத்திரம் என்று எத்தனையோ தேடியிருக்கிறார்கள். ஒரு சத்தத்தைத் தேடித் தரச் சொல்லி இதுவரை யாரும் வந்ததில்லை.

"வீட்டம்மா என்ன சொல்றாங்க?" என்றார் பிரேக்.

"அவகிட்ட இன்னும் சொல்லல. ஆஸ்பத்திரியில நர்ஸு, டூட்டிக்குப் போயிருக்கா. பையன் போனதுலேருந்து அவ இந்த ஷெட் பக்கமே வரமாட்டா."

பிரேக் தலையாட்டிவிட்டுக் கதவருகே போனார். பெரிய இரட்டை மரக்கதவு. வெளிப்பூட்டு பத்திரமாக இருந்தது. உட்பக்கத்தில் ஒரு நீளமான பகுதி மட்டும் புகை படாத மரமாக வெளுத்துக் கிடந்தது. அதன் நாலு மூலையிலும் நாலு திருகாணித் துளைகள். அவர் ஒவ்வொன்றிலும் சுண்டுவிரலை வைத்துப் பார்த்தார்.

"வேற எதுவும் போகலையே?"

"இல்ல," என்றார் டிப்போக்காரர். கொஞ்சம் அவசரமாகச் சொன்ன மாதிரி இருந்தது. ஸ்டெப்னி அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

*

"கடத்தல் கும்பல் சார்," டாக்சியைக் கிளப்பியபடி சொன்னான் ஸ்டெப்னி. "இந்த மாதிரி என்ஜின் இனிமே கிடைக்காது. கப்பல்ல ஏத்தியிருப்பான். சட்டம் இல்லாத நாட்டுல எவனோ ஒரு பணக்காரன் வீட்டு ஹால்ல பூந்தொட்டி வெச்சு நிக்கும்."

"கும்பல் ஏன் மாத்து என்ஜின் வெச்சுட்டுப் போகணும்?"

"மனசாட்சி உள்ள கும்பல்."

"போல்ட்டைப் பாத்தியா?"

"போல்ட்டு போல்ட்டாத்தான் இருந்துச்சு."

"ஒவ்வொரு போல்ட்டு தலையிலயும் ஒரு வெள்ளைக் கோடு. முழுசா இறுக்கியாச்சுன்னு அடையாளம். கோடு விலகியிருந்தா போல்ட்டு தளர்ந்துடுச்சுன்னு அர்த்தம். வேகமா ஓட்டறவங்க, உயிர் மேல ஆசை உள்ளவங்க, இப்படிப் போட்டுக்குவாங்க. வழக்கமா பெயின்ட்டு. இது எழுத்தை அழிக்கிற ஒயிட்னர். வண்டியோட மத்த பழைய பாகத்துல எல்லாம் அதே ஒயிட்னர்தான், மங்கிப்போய் இருக்கு. அது பையன் போட்டது. புது என்ஜின்ல இருக்கிறது இந்த ரெண்டு மூணு நாளுக்குள்ள போட்டது."

"செத்துப்போன பையன் வந்து போட்டானா?" ஸ்டெப்னிக்கு மயிர்க்கூச்செறிந்தது.

"அவன்கிட்ட வேலை கத்துக்கிட்டவன் போட்டான். அப்புறம் இன்னொண்ணு யோசி. அடுத்து ஓட்டறவன் நல்லா இருக்கணும்னு நினைக்கிறவன்தான் கோடு போடுவான். இது திருட வந்தவன் கை இல்ல."

பையனுக்கு ஒரே கூட்டாளி. டர்போ என்று கூப்பிட்டால்தான் திரும்புவான். இரண்டு பேரும் சேர்ந்துதான் அந்த என்ஜினைக் கட்டினார்கள் என்று டிப்போக்காரரே சொல்லியிருந்தார். அவன் பட்டறை கால்வாய் ஓரத்தில் இருந்தது. போன வருடம்வரை 'வேகம் இங்கே கிடைக்கும்' என்று எழுதியிருந்த பலகையில், வேகத்தை மட்டும் அடித்து 'மைலேஜ்' என்று மேலே எழுதியிருந்தார்கள். அடியில் பழைய எழுத்து இன்னும் தெரிந்தது. உள்ளே ஒரு சுவர் பூராவும் அகல டயர்களும் பளபளக்கும் குழாய்களும் விலைபோகாமல் தொங்கின. ஒல்லியான இளைஞன் ஒருவன் குடும்பக் கார் ஒன்றுக்குச் சைக்கிள் டயர் மாதிரி மெல்லிசாக ஒன்றை மாட்டிக்கொண்டிருந்தான். அவன் சட்டைப்பையில் ஒயிட்னர் பாட்டில் எட்டிப் பார்த்தது.

"என்ன தம்பி, கணக்குப்பிள்ளை வேலையும் பாக்கறீங்களா?" என்றான் ஸ்டெப்னி பாட்டிலைக் காட்டி.

டர்போ பாட்டிலைப் பார்த்தான், பிரேக்கைப் பார்த்தான். மறைத்துப் பேசும் சாமர்த்தியம் அவனுக்கு இல்லை. ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டான்.

"நான்தான் இறக்கினேன்," என்றான். "மூணு பகல் வேலை. அதை ஏத்தினப்ப அவன் கீழ படுத்துக்கிட்டு 'இன்னும் ஒரு விரக்கடை, இன்னும் ஒரு விரக்கடை'ன்னு சொல்லுவான், நான் மேலேருந்து சங்கிலியைத் தளர்த்துவேன். இறக்கறப்ப கீழ யாருமே இல்ல சார். நானே 'ஒரு விரக்கடை'ன்னு சொல்லிக்கிட்டேன்." முழங்கையால் முகத்தைத் துடைத்தான். கிரீஸ் கன்னத்தில் ஒட்டிக்கொண்டது.

"வண்டி யார் பேர்ல இருக்கு?" என்று கேட்டார் பிரேக்.

டர்போ மறுபடி ஸ்பேனரைக் கையில் எடுத்தான்.

"நான் இருபத்தாறு வருஷம் அந்த ஆபீஸ்லதான் இருந்தேன். ஒரு போன் போட்டாத் தெரிஞ்சுடும். நீ சொன்னா நல்லா இருக்கும்."

"அம்மா பேர்ல. அவன் வாங்கினதே அம்மா பேர்லதான். அப்பாவுக்கே தெரியாது. அம்மாதான் என்னைக் கூப்பிட்டாங்க. சத்தமே போடாத சின்ன என்ஜின் ஒண்ணு போட்டா வண்டி தேறிடும், பழசை ஒப்படைச்சா சட்டமும் ஒத்துக்கும்னு நான்தான் சொன்னேன்."

ஸ்டெப்னிக்கு அப்பாடா என்று இருந்தது. திருட்டும் இல்லை, கும்பலும் இல்லை. பெற்ற தாய் மகன் காரைக் காப்பாற்றியிருக்கிறாள். ஐந்து மணிக்குள் வீட்டுக்குப் போய்ச் சொன்னால், இரண்டு பேரும் கொஞ்சம் அழுவார்கள், பிறகு சமாதானம் ஆவார்கள். கேஸ் முடிந்தது என்று அவன் கையைத் தட்டக்கூட ஆரம்பித்துவிட்டான்.

"சரி, தாழ்ப்பாளை எதுக்குக் கழட்டினே?" என்றார் பிரேக்.

"எந்தத் தாழ்ப்பாள்?"

"ஷெட் கதவுல. உள்பக்கம்."

டர்போ விழித்தான். "நான் எதையும் தொடலையே. வேலை முடிச்சுக் கிளம்பறப்ப அம்மா ஒரு ஸ்க்ரூடிரைவர் மட்டும் கேட்டாங்க. எதுக்கும்மான்னேன். சும்மாதான், நீ போப்பான்னாங்க."

பிரேக் டாக்சியை நோக்கி நடந்தார். நடக்கவில்லை, ஓடினார். அவர் ஓடி ஸ்டெப்னி பார்த்ததே இல்லை.

*

"கொஞ்சம் வேகமா ஓட்டு."

"வேகமா ஓட்டினா மைலேஜ் குறையுமே சார்."

"ஸ்டெப்னி."

அந்தக் குரலில் ஒன்று இருந்தது. ஸ்டெப்னி வாயை மூடிக்கொண்டு மிதித்தான்.

"வெளிப்பூட்டை உடைச்சா திருடன்," என்றார் பிரேக். "உள்தாழ்ப்பாளைக் கழட்டறது யாரு? எதுக்குக் கழட்டணும்?"

"உள்ளேருந்து யாரும் பூட்டிக்கக்கூடாதுன்னு..." சொல்லிக்கொண்டே வந்தவனுக்குப் பாதியில் புரிந்துவிட்டது. "ஐயோ சார்."

"தொலைஞ்சுபோன துணியைக்கூட எழுதி வெச்சிருந்தாரே மனுஷன். கண்ணெதிர்ல இருக்கிற தாழ்ப்பாளை ஏன் எழுதல? கேட்டப்பவும் இல்லன்னார். அதைப் பத்தி யாரும் பேசிடக்கூடாதுன்னு அவருக்கு இருந்திருக்கு. அந்தம்மா நர்ஸு. மூடின ஷெட்டுக்குள்ள ஓடற என்ஜினோட புகை ஆளை என்ன பண்ணும்னு அவங்களுக்கு யாரும் சொல்லித்தர வேணாம்."

ஸ்டெப்னி சிக்னலில் நின்றான். பக்கத்தில் நின்ற கார்களும் சத்தமே இல்லாமல் நின்றன. ஒரே ஒரு தடவை கேட்கணும், நாளைக்கு எடுத்துக்கொண்டு போகட்டும் என்று அந்த மனுஷன் சொன்னது இப்போது வேறு மாதிரி காதில் விழுந்தது. கண்டுபிடித்துக் கொடுக்கிறோம் என்று காலையில் வாக்குக் கொடுத்தவன் அவன்தான்.

போய்ச் சேர்ந்தபோது மணி நாலாக ஐந்து நிமிடம். ஷெட் கதவு திறந்திருந்தது. டிப்போக்காரர் மேஜை ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். காருக்கு மறுபக்கம், நர்ஸ் உடுப்போடு, தோளில் பையைக்கூட இறக்காமல் ஓர் அம்மாள் நின்றுகொண்டிருந்தார். ஸ்டெப்னிக்கு இழுத்துப் பிடித்திருந்த மூச்சு வந்தது.

"நீங்க தேட வேணாம்," என்றார் அந்த அம்மாள், இவர்கள் யார் என்று கேட்காமலே. "நான் சொல்லிட்டேன்."

டிப்போக்காரர் தலை நிமிரவில்லை. "எங்க அது?" என்றார். "அதை மட்டும் இன்னும் சொல்லல."

"உலையில போட்டாச்சுங்க. காலையில பத்தேகாலுக்கு. ஒப்படைச்ச உடனே போயிருக்கலாம். தனியா விட மனசு வரல. அங்க இருந்தவர் ஏம்மா நிக்கறீங்கன்னு கேட்டார். கூட வந்திருக்கேன்னேன்."

டிப்போக்காரரின் வாயிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அதை அழுகை என்று சொல்லமுடியாது. ஸ்டெப்னி தன்னையறியாமல் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான்.

"அவன் சத்தம்டி அது. உனக்கென்ன தெரியும், நீ ஒரு நாள் வந்து கேட்டிருக்கியா?"

"வாராவாரம் கேட்டேன்." நர்ஸம்மா கையால் பின்சுவரைக் காட்டினார். "அந்தப் பக்கம் நின்னு. உள்ள வந்தா உங்களைத் தனியா அழவிடாத மாதிரி ஆயிடுமேன்னு வரல. ஏழு மணிக்கு ஆரம்பிப்பீங்க, ஏழு ரெண்டுக்கு நிறுத்திடுவீங்க. எண்ணறது எனக்குத் தொழில். புதுச் சட்டம் வந்து, மைலேஜ் ஸ்குவாட்டுன்னு ஆளுங்க வீடு வீடா சோதனை போட ஆரம்பிச்சப்புறம் கதவைச் சாத்தினீங்க. ரெண்டு நிமிஷம் அஞ்சாச்சு, பத்தாச்சு. ஞாயித்துக்கிழமை பூரா தலைவலின்னு படுத்தீங்க. போன மாசம் கடைசி வாரம் இருபது நிமிஷம்."

"பக்கத்து வீட்டுக்காரர் புகார் குடுத்துட்டார். சத்தம் வெளியே போகக்கூடாதுன்னுதான்..."

"நான் கதவைத் தட்டினேங்க. ரெண்டு கையாலயும் தட்டினேன். அந்தச் சத்தத்துல உங்களுக்குக் கேக்கலன்னு என்னை நானே ஏமாத்திக்கிட்டேன். உங்களுக்குக் கேட்டுச்சு. நீங்க தெறக்கல."

பிரேக் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மொதல்ல சத்தத்துக்காகத்தான் சாத்தினேன்," என்றார் டிப்போக்காரர். "அப்புறம் எதுக்குன்னு எனக்கே தெரியல. உள்ள உக்காந்தா எழுந்திருக்கத் தோணல."

"அவனைப் பதினோரு மாசம் என் வார்டுலயே வெச்சுப் பாத்தேன். காப்பாத்த முடியல. உங்களை எந்த வார்டுல சேர்ப்பேன்?" நர்ஸம்மாவின் குரல் அங்கேதான் உடைந்தது. "என்மேல கோவப்படுங்க. சாகற வரைக்கும் கோவப்படுங்க. உயிரோட இருந்து கோவப்படுங்க."

ஸ்டெப்னிக்கு யாரையாவது திட்டவேண்டும் போலிருந்தது. சட்டத்தைத் திட்டலாம் என்றால் அதுவும் ஊர் மூச்சுவிடப் போட்ட சட்டம்தான். யாரைத் திட்டுவது என்று தெரியாத துக்கம் அவனுக்குப் பிடிப்பதே இல்லை.

"அப்ப எதுக்கு இன்னொண்ணை மாட்டினே?" டிப்போக்காரர் பானெட்டைக் கையால் காட்டினார். "எல்லாத்தையும் உலையில போட்டிருக்கலாமே."

"சீட்டு," என்றார் நர்ஸம்மா. "அவன் சாஞ்சு சாஞ்சு விழுந்த பள்ளம் அதுல இருக்கு. உங்களுக்கு அவன் என்ஜின்ல இருந்தான். எனக்கு அதுல இருக்கான். ரெண்டையும் வெச்சுக்கச் சட்டம் விடல. உங்களைக் கேக்காம என்னோடதை வெச்சுக்கிட்டேன். தப்புதான்." பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்துக் காரின் மேல் வைத்தார். பழைய என்ஜினை ஒப்படைத்த ரசீது. "அஞ்சு மணிக்குள்ள சோதனைக்குப் போகலன்னா அதுவும் போயிடும். எனக்கு ஓட்டத் தெரியாது."

"நான் ஓட்டறேன்க்கா," என்றான் ஸ்டெப்னி. பிரேக் அவன் தோளைத் தொட்டார். அவன் நிறுத்திக்கொண்டான்.

டிப்போக்காரர் எழுந்தார். சாவியை எடுத்தார். கதவைத் திறந்து உட்கார்ந்தார். மகன் அவரைவிட ஒரு சாண் உயரம் போலிருக்கிறது, மிதி எட்டவில்லை. சீட்டை முன்னால் இழுக்கும் கம்பியில் கை போயிற்று. பிறகு கையை எடுத்துவிட்டு, சாயாமல், சீட்டின் விளிம்பில் வந்து உட்கார்ந்துகொண்டார். நர்ஸம்மா சுற்றி வந்து மறுபக்கம் ஏறினார். ஸ்டெப்னி இரண்டு கதவுகளையும் அகலத் திறந்து கல்லை முட்டுக் கொடுத்தான்.

டிப்போக்காரர் சாவியைத் திருகினார். அந்தப் பழைய தடுமாற்றம் வரும் என்று தலையைச் சாய்த்துக் காத்திருந்தார். ஒன்றும் இல்லை என்று மறுபடி திருகினார். முன்னாலிருந்து கறகறவென்று பல்லைக் கடிக்கிற சத்தம் எழுந்தது. ஓடிக்கொண்டிருக்கிற என்ஜினுக்கு மறுபடி சாவி கொடுத்தால் வருகிற சத்தம் அது. நேற்று ஓட்டப் பழகியவன் செய்கிற தப்பு. முப்பது வருடம் டிப்போவில், சத்தத்தை வைத்தே நோயைச் சொன்ன மெக்கானிக் அதைச் செய்துவிட்டு, ஒன்றும் புரியாமல் மனைவி பக்கம் திரும்பினார்.

"ஓடலையா?"

நர்ஸம்மா அவர் கையைச் சாவியிலிருந்து எடுத்து டாஷ்போர்டின் மேல் வைத்தார். அதன் மேல் தன் கையையும் வைத்தார்.

"ஓடுதுங்க," என்றார். "உங்களுக்குத்தான் கேக்கல."